கொழுந்துக் கூடையும் தலைத்துணியும்

தை, மாசி மாதங்களில் நுவரெலியாவைச் சூழ்ந்த பள்ளங்களிலே புல் நுனியெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும். அந்த விடியற்பொழுதில் லயத்துக் காம்பராவின் அடுப்பங்கரையில் நின்றபடியே ஒரு பெண் தலைக்குத் துணி கட்டுகிறாள். எதிரே கண்ணாடி இல்லை. அவளுக்கு அது தேவையும் இல்லை. துணி முக்கோணமாக மடிகிறது. நெற்றியை அணைத்துக் காதுகளை மூடிக்கொண்டு பின்னே சென்று பிடரியில் முடிச்சாகிறது. அதற்குமேல் இன்னொரு துண்டு நான்காக மடிக்கப்பட்டு உச்சந்தலையில் அமர்கிறது. கூடைக் கயிறு இருக்கவேண்டிய இடம் அது. அடுப்பில் தேநீர் பொங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகின்றது.

கொழும்பிலிருந்து வரும் மகளிர் சஞ்சிகைகள் ஸ்கார்ப் என்னும் கழுத்துத் துணியைப் பற்றி எழுதும்போது, ஒரே துணியைப் பத்து விதமாக அணியும் கலையைப் படங்களோடு விளக்குகின்றன. கழுத்தில் சுற்றலாம், தோளில் விடலாம், கூந்தலில் பின்னலாம், இடையில் கட்டலாம், கைப்பையின் பிடியில் முடிச்சிட்டு அழகு பார்க்கலாம். இந்தக் கலையில் மலையகத்துப் பெண்ணுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பானது. விடிகாலையில் குளிர் காக்கும் அவளது துணி, மலையில் ஏறியதும் கயிற்றுக்கு மெத்தையாகின்றது. வெயில் ஏறினால் நிழல், வியர்த்தால் துவாலை, அட்டை கடித்த காலில் இரத்தம் நிற்கவில்லையென்றால் கட்டுத்துணி. பகலுணவு ரொட்டி அதிலே முடிந்து வருகின்றது. பிள்ளைமடுவத்திலிருந்து குழந்தையைத் தூக்கிவரும்போது அதன் தலையை மூடுவதும் அதுவே. மாலையில் விறகுக்கட்டின் கீழே சும்மாடாகி, இரவில் பீலிக்கரையில் கழுவப்பட்டு அடுப்புக்கு மேலே காய்கின்றது. வேறு துணி இல்லாமையால் வந்த சாமர்த்தியம் இது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சாமர்த்தியம் சாமர்த்தியந்தான்.

கயிற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கொழுந்துக் கூடை முதுகில் தொங்குகின்றது என்றாலும் அதன் பாரம் தலையிலேதான் இறங்குகின்றது. ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் குறிக்கும் அளவு பதினெட்டாகவோ இருபதாகவோ இருக்கும். நிறுவையின் இடைவேளைகளில் கூடை வெறுமையாகி மீண்டும் நிரம்பும். மழைநாளில் இலையோடு நீரும் சேர்ந்துகொள்ளும். இந்தப் பாரத்தைக் கயிறு நேராக மண்டையில் அழுத்தாதபடி தாங்குவது அந்த நான்கு மடிப்புத் துணி மட்டுமே. அப்படியும் பல வருடங்கள் மலையேறிய மூதாட்டிகளின் உச்சியில் கயிறு கிடந்த தடம் முடியற்ற ஒரு கோடாகத் தெரிவதுண்டு. இத்தனை பாரம் சுமந்த தலைக்கு 1984 வரையில் ஆணின் கூலியைவிடக் குறைந்த கூலியே எழுதப்பட்டது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மலையகத்தின் துணிக்கு ஒரு வரலாறும் உண்டு. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிறங்கி மாத்தளைப் பாதையில் நடந்து வந்தவர்களுக்கு அரிசியும் கம்பளியும் முன்பணமாகக் கொடுக்கப்பட்டுக் கணக்கில் எழுதப்பட்டன. குளிர் தெரியாத ஊர்களிலிருந்து வந்தவன் தலையை மூடிக்கொண்ட துணியே அவன் கடன்களில் ஒன்றாயிற்று. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டார். பின்னர் நோய் கண்டு கோப்பி அழிய, தேயிலை மலைகளை மூடிற்று. கம்பளி மட்டும் மறையவில்லை. அதைக் கூம்பாக மடித்துத் தலையில் கவிழ்த்தால் கொங்காணி. இடையில் சாக்கைச் சுற்றினால் படங்கு. செடியின் முள்முனைக் கொப்புகளிலிருந்து சேலையைக் காப்பது அதன் வேலை. பின்னாளில் சாக்கின் இடத்தைப் பிளாஸ்டிக் விரிப்பு பிடித்துக்கொண்டது. மறுபுறத்தில் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் பெரிய கங்காணியின் சின்னங்களாயின. துரை எதிரே வந்தால் தொழிலாளியின் தலைத்துண்டு இடுப்புக்கோ கக்கத்துக்கோ இறங்கவேண்டும் என்று பழையவர்கள் சொல்வார்கள். துணி ஒன்றேயானாலும் அது எந்தத் தலையில், எந்த உயரத்தில் இருக்கலாம் என்பதை வேறொருவர் தீர்மானித்த காலம் அது.

இது மலையகத்துக்கு மாத்திரம் உரிய கதையன்று. ஸ்பானிய ஆட்சியின் கீழிருந்த லூசியானாவில், 1786 இல், ஆளுநர் மீரோ கறுப்பினப் பெண்கள் கூந்தலை அலங்கரித்து வெளிவரலாகாது, துணியால் மூடவேண்டும் என ஆணையிட்டார். அவர்களைத் தாழ்த்துவதே அதன் நோக்கம். அந்தப் பெண்களோ நிறம் மிகுந்த துணிகளைத் தேடியெடுத்து, ஆணையே நாணும்படி அழகாகக் கட்டிக்கொண்டார்கள். கரிபியன் தீவுகளிலும் பெண்கள் தலையில் கட்டிய கட்டம் போட்ட பருத்தித்துணிக்கு மதராஸ் என்றே பெயர். சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்டு, மதராஸ் கைக்குட்டை என்று கடல் கடந்த துணி அது. மார்த்தினிக் தீவில் அதன் முடிச்சிலிருந்து நீளும் நுனிகளின் எண்ணிக்கையே, அணிந்தவள் மனம் தனித்திருக்கிறதா, மணமாகிவிட்டதா என்று சொல்லிவிடுமாம். 1853 முதல் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அந்தத் தீவுக்குக் கப்பலேறியபோது, அவர்கள் கரையில் நெய்த துணி அவர்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

அடிமைத்தளையிற் கிடந்தவர்களுக்கும் அழகுணர்ச்சி உண்டு என்று அந்தத் தீவுகளின் வரலாறு ஒப்புக்கொள்கிறது. மலையகப் பெண்ணுக்கு அதை ஒப்புக்கொள்ள ஏனோ பலருக்கு மனம் வருவதில்லை. தேயிலைப் பெட்டிகளிலும் பழைய தபாலட்டைகளிலும் அவள் தலைத்துணியோடு சிரிக்கிறாள். அங்கே அது பிறர் விற்பனைக்கான அலங்காரம். இங்கிலாந்தில் வீட்டுப் பணிப்பெண்களின் தலையில் சால்வையைப் போர்த்தித் தேவமாதாவாகப் படம் பிடித்த யூலியா மார்கரெட் கமரோன், தம் கடைசிக் காலத்தில் இலங்கையின் உழைப்பாளிகளையும் படம் பிடித்தார். 1879 இல் திக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்து பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடங்கினார். அவர் கண்ணுக்குத் துணி அழகாகத் தெரிந்தது. அதைத் தேர்ந்து கட்டிய கை தெரிந்ததா என்பது வேறு வினா. மலையகத்தைப் பாடும் கவிதைகளின் போக்கோ இதற்கு நேர்மாறு. அவற்றில் அந்தத் துணி எப்போதும் கிழிந்தே இருக்கும், கண்ணீரால் நனைந்தே இருக்கும். பல்கலைக்கழக மலர்களில் வரும் கவிதைகளையும் சேர்த்தே இதைச் சொல்லவேண்டும்.

ஒரு காலையில் பிரட்டுக்களத்தின் ஓரத்தில் நின்று பார்த்தால் உண்மை விளங்கும். ஒருத்தி செம்மஞ்சள் துணியைக் காதுக்கு மேலே ஏற்றிக் கட்டியிருப்பாள். மற்றொருத்தி பச்சைக்குப் பச்சை பொருந்தாது என்று சேலைக்கு மாறான நிறம் எடுத்திருப்பாள். புதிதாக மணமாகி வந்தவளின் துணியில் மடிப்புக் கலையாது. முடிச்சின் சாய்வைப் பார்த்தே எந்தத் தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்று கிழவிகள் கேலி பேசுவார்கள்.

அற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பேராதனைக்கு வந்த மாணவி ஒருத்தியின் கதை இது. முதல் வருடம், விடுதி அறையில் தோழியர் ஸ்கார்ப் ஒன்றை வைத்துக்கொண்டு சஞ்சிகைப் படத்தைப் பார்த்துக் கட்டத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதை வாங்கி, கண்ணாடியைத் திரும்பியும் பாராமல், ஒரு நொடியில் கட்டிக் காட்டினாள். காது மூடி, நெற்றியணைத்து, பிடரியில் ஒற்றை முடிச்சு. எல்லோரும் வியந்தார்கள். எங்கே பழகினாய் என்று ஒருத்தி கேட்டாள். ஏதோ ஒரு புத்தகத்தில் பார்த்தேன் என்று அவள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு துணியை அவிழ்க்க மட்டும் வெகுநேரமாயிற்று.

அடுத்த விடுமுறைக்குப் போகும் வழியில் மகாபொலப் பணத்தில் நுவரெலியா பேல் பஜாரில் ஒரு ஸ்கார்ப் வாங்கினாள். நீல நிறம், பட்டுப்போல வழவழப்பு. தாய் அதை வாங்கி விரலிடையே ஓடவிட்டுப் பார்த்தாள். நான்காக மடித்து உச்சியில் வைத்து, கூடைக் கயிற்றை மேலே போட்டுத் தலையை ஆட்டினாள். கயிறு வழுக்கித் தோளில் விழுந்தது.

"இதுல கயிறு நிக்காதே புள்ள."

மகள் ஒன்றும் பேசவில்லை. துணி மடிந்து தகரப் பெட்டிக்குள் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அற்றனுக்குப் போகப் புறப்பட்டபோது தாய் பெட்டியைத் திறந்து அதை எடுத்தாள். கூடை இல்லை, கயிறு இல்லை. வாசலில் நின்று நிதானமாகக் கட்டினாள். பிறகு மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"பின்னாடி முடிச்சு சரியா இருக்கானு பாரு."