அம்மாவின் நெற்றி விளக்கு

பருவ விடுமுறைக்கு வீட்டுக்குச் சென்றிருந்தபோது, ஊசி நூல் தேடி அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். ஊசி கிடைக்கவில்லை. பழைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. மூடியைத் திறந்தால், உள்ளே தீர்ந்துபோன மின்கலங்கள். கடையில் வாங்கித் தீர்ந்ததும் வீசும் சாதாரண ரகம். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்திரண்டு. டின்னுக்குப் பக்கத்தில், தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த சார்ஜரும் மறுபடியும் மின்னேற்றிப் பயன்படுத்தும் நான்கு மின்கலங்களும் பெட்டியோடு பத்திரமாக இருந்தன.

அம்மா பால்மரம் வெட்டுபவர். சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் இருந்த தோட்டம் செம்பனையாக மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. லயத்து வீடுகள் இடிக்கப்பட்டு, மக்கள் மலிவு விலை வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். அம்மா மட்டும் உளியை விடவில்லை. ஒரு சீன முதலாளியின் சிறு தோட்டத்தில் இன்னமும் மரம் வெட்டுகிறார். விடியற்காலை ஐந்து மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்படுவார். வெயில் ஏறினால் மரத்திலுள்ள பாலின் அழுத்தம் குறைந்து, பால் சரியாக ஓடாது. ஆகவே இருட்டில்தான் வேலை. அந்த விளக்கு மூன்று மின்கலங்களில் எரிவது. மாதா மாதம் மின்கலத்துக்குக் காசு போகிறதே என்று, பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தில் நான் அவற்றை வாங்கிக் கொடுத்திருந்தேன்.

“என்னம்மா இது?” என்று டின்னைக் காட்டினேன்.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. “நீ வாங்கிக் குடுத்தது நிக்க மாட்டேங்குதும்மா. சில நாள் நல்லா எரியுது. சில நாள் பாதி நிரையிலேயே மங்கிப் போயிடுது. நான்தான் தப்பாப் போடறேனோன்னு நெனச்சேன். காசு போட்டு வாங்கிக் குடுத்த புள்ளகிட்ட எப்படிச் சொல்றது?”

பிறகுதான் மற்றதையும் சொன்னார். ஒருநாள் விளக்கு அடியோடு அணைந்துவிட்டதாம். சுற்றிலும் இருட்டு. பக்கத்துப் புதரில் ஏதோ சரசரத்தது. பாம்போ உடும்போ தெரியவில்லை. மரத்தில் சாய்ந்தபடி, வெளிச்சம் வரும்வரை அசையாமல் நின்றிருக்கிறார். அன்றிலிருந்துதான் மறைவாகச் சாதாரண மின்கலம் வாங்கத் தொடங்கியிருக்கிறார். நாற்பத்திரண்டு மின்கலங்கள், மும்மூன்றாகப் பதினான்கு முறை.

நான் படிப்பது கணக்கியல். மின்சாரத்தைப் பற்றிப் பள்ளியில் படித்ததோடு சரி. ஆனாலும் அன்று எனக்கு உட்கார முடியவில்லை. மின்கம்பி வேலை செய்யும் பக்கத்து வீட்டு மாமாவிடம் மின்னழுத்தம் அளக்கும் மீட்டரை இரவல் வாங்கி வந்தேன்.

முதலில் விளக்கைத் திறந்து பார்த்தேன். மின்கலம் தொடும் சுருள்கம்பியில் வெள்ளையாய்ப் பொடி படிந்திருந்தது. எப்போதோ ஒரு மின்கலம் கசிந்திருக்க வேண்டும். துணியில் இரண்டு சொட்டுக் காடி நனைத்துத் துடைத்து, உலர்ந்தபின் அழிப்பானால் தேய்த்தேன். வெளிச்சம் சற்றுக் கூடியது. ஆனால் குறை அது மட்டுமல்ல.

அடுத்தது சார்ஜர். நான் வாங்கியது மலிவு ரகம். இரண்டிரண்டாகத்தான் அதில் போட முடியும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சிவப்பு விளக்கு. இரண்டும் ஒரே அளவு தீர்ந்திருந்தால் பிழையில்லை. ஆனால் அம்மாவின் விளக்குக்கு வேண்டியது மூன்று. நான்கில் மூன்று தீர்ந்து, ஒன்று நிறைந்தே இருக்கும். தீர்ந்ததையும் நிறைந்ததையும் ஜோடி சேர்த்துப் போடும்போது, நிறைந்தது அளவுக்கு மீறிச் சூடாகிக் கெடுகிறது. தீர்ந்ததோ நிறைவதற்குள் எடுக்கப்பட்டுவிடுகிறது. இப்படியே நான்கு மாதங்கள்!

இன்னொன்றும் தெரிய வந்தது. “அடியோட தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அம்மா விளக்கு அணையும்வரை பயன்படுத்தியிருக்கிறார். அது பழைய நிக்கல் காட்மியம் மின்கலத்துக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. 1899-இல் சுவீடன் நாட்டு வால்டெமார் யுங்னர் உருவாக்கிய அந்த வகை, நெடுங்காலம் வீடுகளில் இருந்தது. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் நிக்கல் உலோக ஹைட்ரைடு. அதை அடியோடு தீர்க்கத் தேவையில்லை. மூன்று மின்கலங்கள் வரிசையாக இருக்கும்போது, வலுவில்லாதது முதலில் தீர்ந்துவிடும். மற்ற இரண்டும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்க, அதில் நேர்முனையும் எதிர்முனையும் மாறிப்போகும். மெலிந்தது மேலும் மெலியும்.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா குறுக்கிட்டார். “தாத்தா அறை அறையாப் பாப்பாரே, அந்த மாதிரியா?”

எனக்குப் புரியவில்லை. அம்மா சிறுமியாக இருந்த காலத்தில், லயத்துக்கு மின்சாரம் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்துதான் வரும். மாலையில் சில மணி நேரம் மட்டுமே. பேராக் ஆற்றில் செண்டெரோ அணைக்கட்டின் மின்நிலையம் 1930-லேயே இயங்கத் தொடங்கி, கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுத்தது. எங்கள் லயத்துக்கு அது வந்து சேர அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஆகவே தாத்தா தொலைக்காட்சிக்காக ஒரு கார் பேட்டரி வைத்திருந்தாராம். அதைச் சைக்கிளில் கட்டிப் பட்டணத்துக்குக் கொண்டுபோய் மின்னேற்றி வருவார். அந்தப் பேட்டரிக்குள் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு வோல்ட். தாத்தா ஒவ்வோர் அறையின் மூடியையும் திறந்து நீர் மட்டம் பார்ப்பாராம். “ஒரு அறை செத்தா மொத்தப் பேட்டரியும் செத்த மாதிரி” என்பாராம்.

நான் மணிக்கணக்காகத் தேடியதை அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

மாமாவிடம் ஒவ்வொரு மின்கலத்தையும் தனித்தனியாக மின்னேற்றும் சார்ஜர் இருந்தது. நான்கையும் அதில் நிறைத்து, 1, 2, 3, 4 என்று மைப்பேனாவால் எண்ணிட்டு, ஓர் இரவு முழுதும் மேசைமேல் விட்டேன். காலையில் அளந்தபோது முதல் மூன்றும் 1.3 வோல்ட்டுக்குமேல் காட்டின. நான்காவது 1.2-ஐத் தொடவில்லை. மீட்டரை மட்டும் நம்பக்கூடாது, வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் மாமா. சிறு டார்ச் பல்பை ஒவ்வொன்றோடும் இணைத்து அளந்தோம். மூன்றும் அசையவில்லை. நான்காவது கண்ணெதிரே ஒரு வோல்ட்டுக்குக் கீழே சரிந்தது.

கெட்டது ஒன்றே ஒன்று. அது வெளியே தங்கிய நாள்களில் விளக்கு நன்றாக எரிந்தது. உள்ளே போன நாள்களில் மங்கியது. அம்மா எதையும் தப்பாகப் போடவில்லை.

மறுநாள் இருவரும் பேருந்தேறி ஈப்போ சென்றோம். தனித்தனியாக மின்னேற்றும் சார்ஜர் ஒன்றும், கூடுதலாக மூன்று மின்கலங்களும் வாங்கினோம். இம்முறை வைத்திருந்தால் மெதுவாகவே மின்னிழக்கும் வகையைக் கேட்டு வாங்கினேன். சாதாரண நிக்கல் உலோக ஹைட்ரைடு, சும்மா கிடந்தாலே சில வாரங்களில் கணிசமான பகுதியை இழந்துவிடும். ஜப்பானின் சான்யோ 2005-இல் எனிலூப் என்ற பெயரில் கொண்டுவந்த வகை, ஓராண்டு கழித்தும் பெரும்பகுதி மின்னூட்டத்தைத் தக்கவைத்தது. அதன்பின் பல நிறுவனங்கள் அதே வழியில் வந்துவிட்டன. பழைய மூன்றுக்கு நீல நாடா, புதிய மூன்றுக்குச் சிவப்பு நாடா ஒட்டினேன். நீலமும் சிவப்பும் கலக்கக்கூடாது, வெளிச்சம் மங்கத் தொடங்கியதுமே மாற்றிவிட வேண்டும். அம்மாவுக்கு நான் சொன்ன விதிகள் இவ்வளவுதான்.

கெட்டுப்போன நான்காவதும் பிஸ்கட் டின்னும் என்னோடு பல்கலைக்கழகத்துக்கு வந்தன, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்ப்பதற்காக. தோட்டத்தில் நாங்கள் குப்பையை வீட்டின் பின்னால் கொளுத்துவோம். மின்கலத்தைக் கொளுத்தவே கூடாது. நிக்கல் காட்மியம் மின்கலத்தின் கழிவை, 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகள் அட்டவணைக் கழிவாகவே வைத்திருக்கின்றன.

புறப்படுவதற்கு முந்திய நாள் நானும் அம்மாவோடு தோட்டத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் வெளிச்சம் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. உளி பட்டையைச் சீவும் சத்தம், மங்கில் பால் சொட்டும் சத்தம். நான் அடிக்கொரு தரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்குமேல் நன்றாக விடிந்தபோது, அம்மாவே கையை உயர்த்தி அதை அணைத்தார்.

அன்பளிப்பு கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று நான்கு மாதங்கள் இருந்துவிட்டேன். “விளக்கு நல்லா எரியுதாம்மா?” என்று தொலைபேசியில் ஒரு முறை கேட்டிருந்தால் போதும், அம்மா அந்த இருட்டில் நின்றிருக்க வேண்டியதில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே, வீட்டில் வாங்கிக் கொடுத்த பொருள் உழைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, இழுப்பறையையும் ஒரு முறை திறந்து பாருங்கள்.