அம்மாவின் காய்ச்சல்

எங்கள் அம்மா காய்ச்சலென்று படுத்ததை நாங்கள் கண்டதேயில்லை. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் 28 வருடம் கொழுந்தெடுத்தவர். 2007ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள், பெரட்டுக்குப் போக எழும்பியவர் தலையைப் பிடித்துக்கொண்டு இஸ்தோப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் தந்தார்கள். ஐந்து நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. ஆறாம் நாள் இரவு, இறந்துபோன அப்பாவைக் கூப்பிட்டுப் பேசத் தொடங்கினார். நாங்கள் கூப்பிட்டால் திரும்பவில்லை. காது கேட்காமல் போயிருந்தது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. "மானா வெட்டப் போன இடத்தில ஏதோ பிடிச்சிருக்கு" என்றார்கள் லயத்தில். பெரியம்மா பூசாரியைக் கூட்டிவந்து விபூதி போட்டுக் கயிறு கட்டுவித்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன், தெரிந்ததைத்தானே செய்ய முடியும். விடிந்ததும் தோட்டத்து லொறியில் ஏற்றிப் பசறைக்கும், அங்கிருந்து அம்புலன்ஸில் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு லேடி டொக்டர், அம்மா என்ன வேலை செய்கிறார், விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குப் போவாரா என்றுதான் முதலில் கேட்டார். பிறகு திரையை இழுத்துவிட்டு உடம்பு முழுவதையும் பார்த்தார். படங்கு கட்டுகிற இடத்துக்குக் கீழே, சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கு. நோவு இல்லை. அம்மா அதை முன்னமே கண்டிருக்கிறார், காட்டக் கூசி மறைத்திருக்கிறார். டிஸ்பென்சரியில் இருந்தவர் ஆண் அல்லவா?

டைபஸ் என்றார் டொக்டர், அதாவது உண்ணிக் காய்ச்சல். நெருப்புக் காய்ச்சல் வேறு, இது வேறு. பற்றையிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிற்றுண்ணி கடித்து, ஒன்றிரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வரும். எல்லோருக்கும் பொருக்கு இருக்காது. ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாது. (பக்கத்துக் காம்பராக்காரருக்கு இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு!) டொக்சிசைக்கிளின் என்ற விலை குறைந்த மருந்துதான். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பிந்தினால் மூளை, நுரையீரல், சிறுநீரகம் என்று போய் உயிரையும் எடுக்குமாம்.

வீட்டுக் கதை வேறு. நானும் கொழுந்தெடுப்பவள்தான். அன்றைய கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் 170 ரூபாய். வரவுக்கு 70, தேயிலை விலைக்கு 20 சேர்ந்தால்தான் 260. வேலை கொடுத்த நாட்களில் 75 சதவீதம் போகாவிட்டால் அந்த 70 இல்லை. அந்த மாதம் 24 நாள் வேலை, 18 பேர் போட்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நின்ற எனக்கு 16 பேர்தான். இரண்டு பேர் குறைந்ததற்காக 1120 ரூபாய் போய்விட்டது. தோட்டத்தில் மரண உதவிச் சங்கம் இருந்தது. செத்தால் காசு தரும், படுத்தால் தராது.

1977 கலவரத்தோடு கிளிநொச்சிக்குப் போன சித்தியை எதிர்பார்க்கவும் முடியாது. வன்னியிலிருந்து பாஸ் எடுத்து வருவது அப்போது இலேசான காரியமா?

13 வயதுத் தம்பி, தங்கைக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுத் தான் போகாமல் நின்றிருக்கிறான். ஒரு நாள் நான் உடுப்பெடுக்க வந்தபோது பையைக் கட்டி வைத்திருந்தான். கொழும்பில் கடை வேலைக்கு ஆள் கேட்கிறார்களாம். "நீ ஒருத்தி எப்படிக்கா பார்ப்பே?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. பையை அவிழ்த்து உடுப்பையெல்லாம் கொடியில் போட்டேன். அடுத்த நாள் என் தோடு பதுளையில் அடகுக்குப் போனது. அதைத் திருப்ப ஒன்றரை வருடம் சென்றது. தம்பி பள்ளிக்கூடம் போனான்.

அம்மாவுக்குக் காது சரியாக இரண்டு மாதம் பிடித்தது. அதுவரை தங்கைதான் கைச்சாடையில் எல்லாம் சொல்லுவாள், இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

இப்போதும் விறகுக்குப் போய்வந்தால் அம்மா உடனே குளித்துவிட்டு, உடுப்பைச் சுடுதண்ணீரில் போடுவார். பிறகு கதவைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டு முதுகைக் காட்டுவார்.