தாய்வீட்டுக்குத் திரும்பிய பலகைகள்

தைபெய் நகரத்துக்கு யாத்திரை போகிறவர்கள் அரண்மனைப் பொருட்காட்சிசாலையைப் பார்ப்பார்கள். நூற்றொரு மாடிக் கட்டடத்தின் மேல் ஏறுவார்கள். இரவுச் சந்தையில் ஏதாவது ஒன்றை வாங்கித் தின்றுவிட்டு வயிற்றைத் தடவிக்கொள்வார்கள். இவ்வளவோடு ஊரைப் பார்த்தாகிவிட்டது என்று விமானம் ஏறிவிடுகிறவர்களே அதிகம். என்னையும் அந்தக் கூட்டத்தில் சேராமல் காப்பாற்றியவர் ஷிஞ்சு நகரில் எஞ்சினியர் உத்தியோகம் பார்க்கும் ஒரு தமிழ் நண்பர்.

"ஸார், உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இதுதான் தாய்வீடு. தாய்வீட்டைப் பார்க்காமல் போகலாமா?" என்றார்.

பூமிக்கடியில் ஓடும் ரயிலில் ஏறி ஜோங்ஷியாவ் ஷின்ஷெங் என்னும் ஸ்டேஷனில் இறங்கினோம். அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்க நான் இரண்டு நாள் சாதகம் செய்தேன், பயன் ஒன்றுமில்லை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த ஊரில் மழைக்காக யாரும் நிற்பதில்லை. கடைகளின் மாடி நடைபாதைக்கு மேல் நீண்டு கூரையாக நிற்பதால், குடை இல்லாமலே பாதித் தெருவைக் கடந்துவிடலாம். தெருவில் ஸ்கூட்டர்கள் ஈசல் கூட்டம் போல் பாய்ந்துகொண்டிருந்தன.

நாங்கள் போன இடத்துக்குப் பெயர் குவாங்ஹுவா. 1973-ம் வருஷத்தில் ஒரு மேம்பாலத்தின் அடியில் ஏற்பட்ட சந்தை அது. பழைய புத்தகக் கடைகள்தான் முதலில் குடியேறின. பிறகு ரேடியோச் சாமான்கள் வந்தன. அவற்றின் பின்னால் கம்ப்யூட்டர் வந்து, புத்தகங்களை மெள்ள மெள்ள மூலைக்குத் தள்ளிவிட்டது. 2006-ல் பாலத்தை இடித்துவிட்டார்கள். 2008-ல் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று கட்டி, கடைக்காரர்களை அதில் குடியேற்றினார்கள். உள்ளே நுழைந்தால், நம் ஊர்ப் பாத்திரக் கடையில் பாத்திரங்கள் அடுக்கியிருப்பது போல் மதர்போர்டுப் பெட்டிகள் தரையிலிருந்து கூரை வரையில் அடுக்கியிருக்கின்றன.

மதர்போர்டு என்பது தாய்ப் பலகை. கம்ப்யூட்டரின் மற்ற அங்கங்கள் எல்லாம் அதன் மடியில்தான் உட்காருகின்றன. உலகத்தில் தனியாக விற்பனையாகும் தாய்ப் பலகைகளில் பெரும் பங்கு தைபெய்க் கம்பெனிகளின் பெயர் தாங்கியவை. ஆஸுஸ் பெய்தோவில் இருக்கிறது; கிகாபைட் ஷிண்டியனில்; எம்.எஸ்.ஐ. ஜோங்ஹவில். எல்லாம் இந்த நகரத்தைச் சுற்றியுள்ள பேட்டைகள். பலகைகளைச் செய்யும் தொழிற்சாலைகளில் பல இப்பொழுது சீனப் பெருநிலத்தில் இருக்கின்றன என்றாலும், வடிவமும் தீர்மானமும் இங்கேதான் பிறக்கின்றன.

இவ்வளவும் பெருமைக்குரிய சமாசாரந்தான். ஆனால் பெண் நல்லபடியாகப் புக்ககத்தில் வாழ்கிறவரையில் தாய்வீட்டைப் பற்றி யார் விசாரிக்கிறார்கள்? ஏதாவது குறை ஏற்பட்டுப் பெட்டியும் கையுமாக அவள் திரும்பி வருகிறபோதுதானே தாய்வீட்டின் குணம் தெரிகிறது? தாய்ப் பலகைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பிய கதை ஒன்று உண்டு.

2011-ம் வருஷம் ஜனவரி 9-ந் தேதி இண்டெல் கம்பெனியார் புதிய பிராஸஸர் வரிசை ஒன்றை வெளியிட்டார்கள். வேகத்துக்கும் விலைக்கும் அது நல்ல சரக்கு. ஆசைப்பட்டவர்கள் உடனே வாங்கினார்கள். மூன்று வாரம் ஆயிற்று. ஜனவரி 31-ந் தேதி திங்கட்கிழமையன்று இண்டெல்லே ஓர் அறிக்கை விட்டது. பிராஸஸரில் பழுதில்லை, அதற்குத் துணையாகப் பலகையில் பதித்திருக்கும் சில்லில்தான் பழுது என்று அதில் கண்டிருந்தது. ஹார்டு டிஸ்க்கை இணைப்பதற்கு அந்தச் சில்லில் ஆறு வாசல்கள் உண்டு. வேகமான இரண்டு வாசல்களுக்குக் கெடுதல் இல்லை. மற்ற நான்கும் நாளாக ஆக நலியக் கூடும். அந்த வழியில் இருந்த ஒரே ஒரு டிரான்ஸிஸ்டருக்கு மேற்பூச்சு மெலிந்திருந்தது. அது தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மின்சார அழுத்தம் அதன்மேல் விழுந்தது. மூன்று வருஷ உபயோகத்தில் நூற்றுக்கு 5 முதல் 15 வரை பழுதாகலாம் என்று மதிப்பிட்டார்கள்.

தேதியைக் கவனியுங்கள். சீன நாட்காட்டிப்படி அந்த வருஷத்துப் புத்தாண்டு பிப்ரவரி 3-ந் தேதி. பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் டீஹுவா வீதியில் உலர்ந்த காளானும் இனிப்புப் பண்டமும் வாங்க ஜனங்கள் நெரிந்துகொண்டிருக்கும் சமயம். ஆபீஸ்களைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் சொந்த ஊருக்குப் புறப்படும் சமயம். தீபாவளிக்கு முதல் நாள் இரவு, நகை செய்துகொண்டவர்கள் எல்லாரும் நாளைக்கே திருப்பிக்கொண்டு வரப் போகிறார்கள் என்று பத்தருக்குத் தந்தி வந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் வந்தது தைபெய்க்கு அந்தச் செய்தி.

இனி வாங்கினவன் பாட்டைப் பார்ப்போம்.

கம்ப்யூட்டரில் மற்ற எந்த உறுப்புக் கெட்டாலும் ஐந்து நிமிஷத்தில் உருவி எடுத்துவிட்டு வேறு ஒன்றைச் செருகிவிடலாம். தாய்ப் பலகை அப்படியல்ல. பழுதான சில்லு என்னவோ கட்டை விரல் நகத்தைப் போல் இரண்டு மடங்குகூட இராது. ஆனால் அதன் அடியில் நூற்றுக்கணக்கான ஈயப் பொட்டுகள் வைத்துப் பலகையோடு பலகையாகப் பற்றவைத்திருக்கிறார்கள். ஆகையால் சில்லை மாற்ற வேண்டுமானால் பலகையையே மாற்ற வேண்டும். பலகையை மாற்ற வேண்டுமானால் மேலே உள்ள விசிறியைக் கழற்றி, பிராஸஸரின் தலையில் சந்தனம் போல் அப்பியிருக்கும் பசையைத் துடைத்து, இருபது முப்பது கம்பிகளைப் பிடுங்கி, திருகாணிகளைக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தைக் குழந்தைகள் கவிழ்க்காமல் காவல் இருக்க வேண்டும். கொத்தனார் வந்து, "அஸ்திவாரத்தில் ஒரு கல் சரியில்லை, கல்லுக்கு விலை வேண்டாம், இனாமாகத் தருகிறோம்" என்று சொன்னால், வீட்டுக்காரனுக்கு அது சந்தோஷமான சமாசாரமா?

கல்லாவது உடனே கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. திருத்திய சில்லு பிப்ரவரிக் கடைசியில்தான் புறப்படும், ஏப்ரலில்தான் தாராளமாகக் கிடைக்கும் என்று அறிக்கையே சொல்லிற்று. பலகையைக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்; ஆனால் பணத்தை வைத்துக்கொண்டு வேறு பலகை வாங்க வழியில்லை. புதிய பிராஸஸர் உட்காரும் ஸாக்கெட்டில் 1155 முனைகள். அதற்கு முந்தின வகையில் 1156. ஒரே ஒரு முனை வித்தியாசம்! அந்த ஒன்றினால் புதிய பிராஸஸர் எந்தப் பழைய பலகையிலும் உட்காராது. ஆக, பலகையைத் திருப்பி அனுப்பியவனிடம் மிஞ்சியது விலை உயர்ந்த பிராஸஸர் ஒன்று. மேஜை டிராயரில் வைத்துப் பூட்டலாம். அனுப்பாமல் இருந்தவனோ, நல்ல வாசல்கள் இரண்டை மட்டும் உபயோகித்துக்கொண்டு, மற்ற நான்கையும் சந்தேகக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது. இன்னும் பழுதாகாத, பழுதாகவே ஆகாமலும் போகக்கூடிய ஒரு சாமானுக்காக யாரிடம் போய்ச் சண்டை போடுவது? கெட்டுப்போன பொருளை வாங்கினவனுக்காவது கோபம் வர நியாயம் இருக்கிறது. இவனுக்கு அந்த ஆறுதலும் இல்லை.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இதே கம்பெனி 1994-ல் பெண்டியம் பிராஸஸரின் வகுத்தல் கணக்கில் பிழை கண்டபோது, "உனக்கு மாற்று அவசியம் என்று நிரூபித்துக் காட்டு" என்று ஆரம்பத்தில் வீம்பு பேசிற்று. ஜனங்கள் கொதித்தெழுந்த பிறகு டிசம்பர் 20-ந் தேதி கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தருவதாக இறங்கி வந்தது. 475 மில்லியன் டாலர் செலவெழுதிற்று. 2011-ல் யாரும் கேட்பதற்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டது மெச்சத் தக்க காரியம். பழுது பார்க்கவும் மாற்றவும் 700 மில்லியன் டாலர் ஆகும் என்று கணக்கும் காட்டினார்கள். அந்தக் கணக்கில் சில்லு சேர்ந்தது, பலகை சேர்ந்தது. வாங்கினவர்கள் திருப்புளியும் கையுமாக உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமைகள் சேரவில்லை.

மார்ச் மாதத்திலிருந்து கடைகளில் புதுப் பெட்டிகள் வந்தன. திருத்திய சில்லுக்கு பி3 என்று பெயர். அதையே வெற்றி விருது போலப் பெட்டியின் மேல் ஒட்டி விற்றார்கள்! குறையை நிவர்த்தி செய்ததை ஒரு தனிச் சிறப்பாக விளம்பரம் செய்வது வியாபார சாமர்த்தியம்.

"அதெல்லாம் பழைய கதை ஸார். இப்பொழுது அப்படி நடக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் நண்பரைக் கேட்டேன். அவர் சிரித்தார். 2021-ம் வருஷக் கடைசியில் ஆஸுஸ் கம்பெனியின் சுமார் 600 டாலர் விலையுள்ள உயர்ந்த ரகப் பலகை ஒன்று சிலரிடம் புகைந்தது. காரணம், மெமரிக்கு அருகே ஒரு கெப்பாஸிட்டரைத் தலைகீழாகப் பதித்துவிட்டார்கள். அரிசி மணி அளவுள்ள சாமான்! 2022 ஜூலையில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 10,000 பலகைகளைத் திரும்ப அழைத்தார்கள். சீரியல் நம்பர் எம்.ஏ., எம்.பி., எம்.சி. என்ற எழுத்துக்களில் ஆரம்பித்தால் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த எழுத்துக்களைப் பார்ப்பதற்காக எத்தனை பேர் மேஜைக்கு அடியில் தவழ்ந்தார்களோ!

பேசிக்கொண்டே மேல்மாடிக்குப் போனோம். பழுது பார்க்கும் இடம் அது. கீழே இருந்த இரைச்சல் இங்கே இல்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தைப் போல் ஜனங்கள் சீட்டை வைத்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கல்லூரி மாணவன் பலகையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். எந்தக் கம்பெனிப் பலகை என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை. கௌண்டரில் இருந்த பெண் அதை விளக்கடியில் வைத்து, பூதக் கண்ணாடியால் ஸாக்கெட்டை வரிசை வரிசையாகப் பார்த்தாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள். முனை ஒன்று வளைந்திருக்கிறதாம். வளைந்த முனைக்குக் காரண்டி கிடையாது.

"வாங்கும்போது அதன்மேல் பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும்; அதை மறுபடி போட்டு அனுப்ப வேண்டும். யார் அதைப் பத்திரப்படுத்துகிறார்கள்?" என்று நண்பர் என் காதில் சொன்னார்.

பையன் வாதாடவில்லை. தான் வளைக்கவில்லை என்று மட்டும் இரண்டு தரம் சொன்னான். வளைந்தது வருவதற்கு முன்னாலா, வந்த பின்னாலா என்று அந்த முனை சாட்சி சொல்லப் போவதில்லை. அந்தப் பெண்ணும் நல்லவள்தான். தலைமை ஆபீஸுக்கு அனுப்பிக் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லி, ஒரு பாரத்தை நீட்டினாள்.

கௌண்டரின் மேல் பச்சை நிறத் தின்பண்டப் பாக்கெட் ஒன்று நிமிர்ந்து நின்றது. அதன் பெயர் க்வாய் க்வாய். "சமர்த்தாக இரு" என்று குழந்தைக்குச் சொல்லும் வார்த்தை. தைவானில் யந்திரம் உள்ள இடங்களிலெல்லாம், கம்ப்யூட்டர் அறைகளிலும்கூட, யந்திரம் சமர்த்தாக இருக்கட்டும் என்று இதை வைக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு நாம் வைக்கும் பொரி கடலையை நினைத்துக்கொண்டேன். ஆனால் நிபந்தனைகள் உண்டு. பச்சைப் பாக்கெட்தான் வைக்க வேண்டும். மஞ்சளும் சிவப்பும் உதவாது. யாரும் பிரித்துத் தின்றுவிடக் கூடாது. முக்கியமாக, காலாவதியாகி விடக் கூடாது; ஆகிவிட்டால் யந்திரம் முரண்டு பிடிக்குமாம்.

பையன் பாரத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தான். நண்பரை எட்டிப் பார்த்துத் தேதியைப் படிக்கச் சொன்னேன். இன்னும் மூன்று மாதம் இருந்தது.