கை சின்னதா இருந்தா துப்பாக்கியை எப்படிப் பிடிப்பான்?



ஆயுத பூஜை வருது. தையல் மெஷின், அருவாமனை, லாரிச் சாவி எல்லாத்துக்கும் பொட்டு வைப்போம். தமிழ்நாட்டுல காவல் நிலையங்கள்ல துப்பாக்கிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறதுண்டு. இதைப் பேசிக்கிட்டிருந்தப்போ அன்னதானம் பார்த்துக்கிற அக்கா மெல்லக் கேட்டாங்க: "பையனை தேசிய சேவைக்கு போலீஸ்ல போட்டிருக்காங்க. அவன் கை சின்னது தம்பி, துப்பாக்கியை எப்படிப் பிடிப்பான்?"

பயம் நியாயம்தான். தேசிய சேவைக்கு வெளியே இந்த ஊர்ல நம்ம வீடுகள்ல பெரும்பாலும் யாரும் துப்பாக்கியைத் தொட்டே பார்த்ததில்ல. 1973 ஆயுதக் குற்றச் சட்டப்படி, ஆளைக் காயப்படுத்தும் நோக்கத்தோட சுட்டாலே மரண தண்டனை. எங்க தொண்டூழியர்கள்ல மூணு பேர் போலீஸ்ல சேவை செஞ்சவங்க. அவங்க அக்காவுக்குச் சொன்னதை மத்த பெற்றோருக்கும் உதவுமேன்னு எழுதுறோம்.

பல வருஷம் நம்ம போலீஸ் இடுப்புல இருந்தது டாரஸ் 85 ரிவால்வர். அஞ்சே குண்டு. குழல் ரெண்டு அங்குலத்துலயும் வரும், மூணு அங்குலத்துலயும் வரும். ஒரு அங்குலத்துல என்ன இருக்குன்னு தோணும், நிறைய இருக்கு. குழல் நீண்டா முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடும். கை கொஞ்சம் விலகினாலும் இலக்குல தவறு சின்னதாத்தான் விழும். முன்பக்கம் எடை இருக்கிறதால சுட்டதும் மூக்கு மேல துள்ளுறதும் குறையும். இன்னொண்ணு, சுட்ட தோட்டாக் கூடுகளை வெளியே தள்ளுற கம்பி ரெண்டு அங்குலத்துல குட்டையா இருக்கும், கூடு பாதியில சிக்கிக்கும். சட்டைக்குள்ள மறைச்சு வைக்கிறவங்களுக்கு, காருக்குள்ளயே உட்கார்ந்திருக்கிறவங்களுக்குக் குட்டை வசதி. சீருடையில நிக்கிறவருக்கு மூணு அங்குலம்தான் நல்லதுங்கிறது எங்க கட்சி. (1930கள்ல வந்த வெப்லி ரிவால்வர்கள்ல, சிங்கப்பூர் போலீசுக்குன்னே பாதுகாப்புப் பூட்டு வச்சுக் கொடுத்தாங்க. ரிவால்வர்ல பூட்டுங்கிறது அபூர்வம்.)

இப்ப கைப்பிடி. காவடி கட்டுறவங்களுக்கு இது உடனே புரியும். தோள்ல உட்கார்ற பட்டை சரியில்லைன்னா பத்துக் கிலோ காவடியும் இருபது கிலோ மாதிரி அழுத்தும். அளவா இருந்தா பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு வரைக்கும் ஆடிக்கிட்டே போயிடலாம். துப்பாக்கியும் அப்படித்தான். மெல்லிய மரக் கைப்பிடி, சுட்ட உதைப்பை உள்ளங்கையில ஒரே இடத்துல இறக்கும். ரப்பர் அதைப் பரப்பிவிடும், வியர்வையில வழுக்காது. நம்ம ஊர் வெயிலுக்கு அது பெரிய விஷயம். ஆனா ரப்பர் தடிமனா இருந்தா சின்னக் கைக்காரர் விரல் விசையை எட்டாது. எட்டினாலும் நுனி விரலால இழுக்கணும். ரிவால்வர் விசை கனமானது, இழுக்கும்போதே குறி கோணிடும். அதனால விரலோட முதல் மடிப்பு விசையில நல்லாப் படியிற கைப்பிடிதான் அவருக்கு ஏத்தது. மறைச்சு வச்சா ரப்பர் சட்டையைப் பிடிச்சு இழுக்கும், அதுவும் ஒரு தொல்லை.

இப்போ போலீசுக்கு குளோக் 19 வருது. அதோட ஐந்தாம் தலைமுறையில கைப்பிடியோட பின்தட்டை கை அளவுக்கு மாத்திக்கலாம். சின்னக் கைக்குத் தட்டே மாட்ட வேண்டாம். அக்காவோட கேள்விக்கு நேர் பதில் அதுதான்.

ஆனா அக்காவோட பயம் கை அளவைப் பத்தினது இல்லைன்னு கொஞ்ச நேரத்துல தெரிஞ்சுது. பையன் யாரையாவது சுட வேண்டி வந்துடுமோன்னுதான் பயம். 2013 டிசம்பர் 8 ராத்திரி ரேஸ்கோர்ஸ் ரோட்டுல கலவரம் நடந்து வண்டிகள் எரிஞ்சப்போகூட போலீஸ் ஒரு குண்டும் சுடலைன்னு சொன்னோம். எங்க மூணு பேரும் பயிற்சித் திடலுக்கு வெளியே உறையிலேர்ந்து ஒரு தடவைகூட எடுத்ததில்ல. எங்களுக்கு நினைவிருக்கிறது சுட்டது இல்ல, எட்டு மணி நேரம் சுமந்ததுதான்: பெல்ட்டுல ஒரே பக்கம் கனம், உட்கார்ந்தா இடுப்பெலும்புல குத்தல், கூட்டத்துல யாராவது உரசினா முழங்கை தானா உறை மேல போய் அணைச்சுக்கும்.

அந்தக் கடைசி விஷயத்துக்காக எல்லாரையும் ஒண்ணு கேட்டுக்கிறோம். தைப்பூச ஊர்வலத்துல போலீஸ்காரர் பக்கத்துல நிக்கும்போது, அவர் துப்பாக்கி இருக்கிற பக்கம் ஒரு முழம் இடம் விடுங்க. பால்குடம் எடுக்கிறவங்க மறு பக்கமா போங்க. தோள்ல குழந்தை இருந்தா அதோட கை எங்க போகுதுன்னு பாருங்க. அங்க நிக்கிறது அக்கா பையனாக்கூட இருக்கலாம்.