தென்னை மட்டைக்கு வேலை இருக்கிறது

உடுமலைப் பக்கத் தக்காளித் தோட்டங்களில் மண்ணை மூடி விரிக்கும் பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட் சர்வசாதாரணம். மேலே வெள்ளி நிறம், கீழே கறுப்பு, 25 அல்லது 30 மைக்ரான் கனம். களை அடங்குகிறது, ஈரம் நிற்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் காய்ப்பு முடிந்த ஒரு தோட்டத்தில் அந்த ஷீட்டை உரித்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்த பிறகு எனக்கு மனசு ஆறவில்லை. வெயிலில் நைந்த பிளாஸ்டிக், கோரை துளைத்த இடங்களிலெல்லாம் கிழிந்தது. கைக்கு வந்தது சாக்குக்குப் போயிற்று. மீதி அடுத்த உழவில் மண்ணுக்குள் போகும்.

ஆனைமலையில் ஒரு தென்னந்தோப்பில் வேறு மாதிரி வேலை நடந்தது. தென்னை மாதத்துக்கு ஒரு மட்டை உதிர்க்கும். ஏக்கருக்கு 70 மரம் என்றால் வருஷத்துக்கு 800 மட்டைக்கு மேல். எத்தனையோ தோப்புகளில் தீக்குப் போகும் இந்த மட்டையை, டிராக்டரோடு இணைத்த இயந்திரத்தில் அரைத்து மூடாக்குப் போடுகிறார்கள்.

மட்டை ஊட்டிக்கொண்டிருந்தவர் முகத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். அந்தத் தூசிக்கு அது போதவே போதாது. இரைச்சலுக்கு மேல் கத்திச் சொன்னார்: “அடிமட்டைய முன்னால உடோணுங்க. ஓலை முன்னால போச்சுன்னா உருளைல சுத்திக்குமுங்க.” கனத்த அடிப்பாகம் உள்ளே போகும்போது மட்டை துள்ளுகிறது, பிடியை எந்த நொடியில் விடுவது என்பது அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது.

தூளைக் கூடையில் அள்ளி, ஊடுபயிரான கோகோ கன்றுகளைச் சுற்றிப் பெண்கள் பரப்பினார்கள். நாலு விரல் கனம். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக விட்டார்கள். “ஒட்டிப் போட்டா தண்டு அழுகிப்போகுமுங்க” என்றார் ஒரு அக்கா. மண்ணோடு கலக்கவும் விடவில்லை. அதுவும் சரியான பழக்கம்தான்: மரச்சத்து மிகுந்த தூளை மண்ணில் புதைத்தால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்கான தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். மேலாகக் கிடந்தால் மெல்ல மட்கி மண்ணோடு சேரும்.

குவித்து வைத்து மறந்துவிட்டால் மட்டும் வம்பு. பழைய குவியல் ஒன்றை அந்த அக்கா கிளறிக் காட்டினார்: கட்டைவிரல் பருமனில், வளைந்து சுருண்ட வெள்ளைப் புழு. காண்டாமிருக வண்டின் குஞ்சு. வளரவிட்டால் தென்னையின் குருத்தையே குடைந்துவிடும். அவற்றைப் பொறுக்குவதும் இந்தப் பெண்களின் வேலைதான். அதற்குத் தனிக் கூலி கிடையாது.

பரப்ப ஆள் அதிகம் வேண்டும், ஷீட்தான் மலிவு என்று விவசாயிகள் சொல்வது பொய்யல்ல. ஷீட்டுக்குத் தோட்டக்கலைத் திட்டத்தில் மானியமும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு விரிப்பதோடு முடிந்துவிடுகிறது. உரித்தெடுக்கும் கூலியையும், மண்ணில் தங்கிவிடும் துண்டுகளையும் சேர்த்து யார் பார்க்கிறார்கள்? மானியம் என்று ஒன்று கொடுப்பதானால், கூடை தூக்கும் இந்தக் கைகளின் கூலிக்கும் அதில் பங்கு வேண்டும்.