அவசரமும் அவசியமும்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய நம் குடும்பங்கள் ஓராண்டுக்குள் தெலுங்கு பேசப் பழகிவிடுகின்றன. 1953-இல் சித்தூர் ஜில்லா ஆந்திர ராஜ்யத்தின்பாற் சென்றது. 1960-இல் திருத்தணி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. எல்லைக் கோடு எங்கே விழுந்தபோதிலும், இரு மொழிகளும் இங்கே ஒரே திண்ணையில் அமர்ந்தே வந்துள்ளன. அந்த நெருக்கத்திலேதான் ஓர் ஆபத்தும் இருக்கிறது.

திருப்பதிக்கு அருகே ஓர் ஆலையில் வேலை பார்த்த தமிழ் இளைஞர் ஒருவர், வேலை நீக்க உத்தரவுடன் நம்மிடம் வந்தார். தாயாரின் நோய் காரணமாக மூன்று நாள் வராதிருந்தது அவர்மீது குற்றம். விசாரணைக் குறிப்பை வாங்கிப் படித்தோம். "செலவு இல்லாமல் போக அவசரம் என்ன?" என்று அதிகாரி தெலுங்கில் வினவியிருக்கிறார். தெலுங்கில் செலவு என்பது விடுப்பு; ஆலைக்குப் போகும் எவரும் அதை முதல் வாரத்திலேயே கற்றுவிடுவர். அவசரமோ அங்கே அவசியத்தைக் குறிக்கும் சொல். இளைஞர் அதைத் தமிழ் அவசரமாகவே கொண்டு, "அவசரம் ஒன்றுமில்லை, ஐயா, மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்" என்றார். "போக வேண்டிய அவசியமில்லை என ஒப்புக்கொண்டார்" என்று குமாஸ்தா எழுதினார். பின்பாதி ஏட்டில் ஏறவேயில்லை. அடியில் இளைஞரின் கையொப்பம் இருக்கிறது. குமாஸ்தா பொய் எழுதினார் என்று நாம் கருதவில்லை; காதில் விழுந்ததைத்தான் எழுதினார்.

குற்றம் இன்னதென்று தெளிவாக அறிவிக்க வேண்டும், சாட்சிகளை அவன் முன்னிலையில் விசாரிக்க வேண்டும், குறுக்கு விசாரணைக்கு இடமளிக்க வேண்டும் என்று சுர் எனாமல் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1963-இல் வகுத்தது. மொழி விளங்காதவன் எதைக் குறுக்கு விசாரணை செய்வான்? அதற்கு முந்திய ஆண்டில் ஹரிகிசன் வழக்கில், காவலில் வைக்கப்பட்டவருக்கு ஆங்கிலக் காகிதத்தைத் தந்து வாய்மொழியாக விளக்கியது போதாதென்று அதே நீதிமன்றம் அவரை விடுவித்தது. அது சிறை வழக்கு என்பது மெய்யே. எனினும் பிழைப்பை இழப்பவனுக்கு அந்த நியாயம் ஏன் எட்டக்கூடாது?

1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம், ஆலை விதிகளை ஆங்கிலத்திலும் தொழிலாளரில் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் ஒட்டச் சொன்னது. மத்திய அரசின் மாதிரி நிலையாணைகளோ, தொழிலாளி விரும்பும் மொழியில் விசாரணையைப் பதிய இடந்தந்தன. ஆனால் ஹிந்தி, ஆங்கிலம், அந்த மாநில மொழி ஆகிய மூன்றினுள் ஒன்றையே அவன் விரும்பலாம். ஆந்திரத்தில் தமிழன் விரும்பக்கூடிய மொழி அவற்றுள் எது? 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் வந்துள்ளது. சட்டம் மாறினாலும் விசாரணை அறையில் துபாஷி வேண்டுமென்று எழுத்திலேயே கேளுங்கள். மேற்பார்வையாளரைத் துபாஷியாக ஏற்காதீர்கள். விளங்காத தாளில் கையொப்பமிட நேர்ந்தால், "தமிழில் விளக்கப்படவில்லை" என்று உங்கள் கையாலேயே எழுதி அதன் கீழ் ஒப்பமிடுங்கள்.

இளைஞரின் வழக்கு இப்போது சமரச அதிகாரியிடம் இருக்கிறது. இரு அவசரங்களையும் இரு லிபிகளில் எழுதிக் கொடுத்துள்ளோம். அடுத்த தவணைக்குத் துபாஷியாக நாமே செல்கிறோம். ஆலைத் தரப்பாரும் ஒருவரை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கின்றனர். வரட்டும்.