செமோரில் தரையிறங்கிய விண்கலங்கள்

ஈப்போவிலிருந்து பழைய சாலையில் சுங்கை சிப்புட் நோக்கி வடக்கே போனால், சுமார் 15 கிலோமீட்டரில் செமோர் வந்துவிடும். நெடுஞ்சாலை திறந்த பிறகு பினாங்குக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஊருக்குள் நுழைவதே இல்லை. பழைய கடைவீடுகள், கோப்பிக்கடைகள், கோயில்கள், வருடா வருடம் கூடிக்கொண்டே போகும் தாமான்கள். காரிலிருந்து பார்த்தால் இவ்வளவுதான் கண்ணில் படும்.

இறங்கி நின்று நிமிர்ந்து பார்த்தால் மலைகள் தெரியும். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு அடிவாரச் சரிவு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சமதரை முடிந்த இடத்தில் சுவர் எழுப்பியது போல நிற்கும். காந்தான் மலையின் ஒரு பக்கத்தைச் சிமெண்டுக்காக வெட்டியிருக்கிறார்கள். அது வெள்ளை வெளேரென்று தெரியும். அந்த மலைக் குகையில் கதவு வைத்த வளையில் வாழும் ஒரு வகைச் சிலந்தியை உலகில் வேறெங்கும் கண்டுபிடித்ததில்லை. தொலைக்காட்சித் தொடர் எடுப்பவர்கள் வேற்றுக்கிரகம் காட்ட அட்டையிலும் சாந்திலும் மலை செய்தார்கள். செமோர்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது லயத்து வாசலிலேயே இருந்தது.

அப்படி ஒரு தோட்டத்தில் வளர்ந்தவரைத்தான் பார்க்கப் போயிருந்தேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து, இப்போது செமோரில் ஒரு தாமானில் இருக்கிறார். பேரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வீட்டின் பின் அறையில் மூன்று கண்ணாடி அலமாரிகள் நிறைய விண்கலங்கள். பிளாஸ்டிக் பாகங்களை வாங்கி, ஒட்டி, சாயம் பூசி அவரே செய்தவை பாதி. ஈப்போ பாசார் காராட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தேடிப் பிடித்தவை மீதி.

"எங்களுக்கு இதெல்லாம் தோட்டத்து ஹால்ல ஆரம்பிச்சது, தம்பி" என்றார். ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி. ஜெனரேட்டர் ஓடும் வரைதான் படம். பெரியவர்கள் தமிழ்ப்படம் போடும் நாளுக்குக் காத்திருக்க, பிள்ளைகள் 'ஸ்டார் டிரெக்', 'ஸ்பேஸ்: 1999', 'அல்ட்ராமேன்' வரும் நேரத்துக்கு முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஆங்கிலம் பாதி புரியாது. விண்கலம் முழுசாகப் புரியும்.

பெரியவர்களுக்கும் அது புதுசில்லை. 'ஸ்டார் டிரெக்' அமெரிக்காவில் 1966 செப்டம்பரில்தான் தொடங்கியது. அதற்கு மூன்று வருடம் முன்பே, 1963இல் வந்த 'கலை அரசி' படத்தில் வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வந்து பானுமதியைத் தூக்கிப் போக, எம்.ஜி.ஆர். பின்னாலேயே போய் மீட்டு வந்துவிட்டார்.

அலமாரியில் அவர் முதலில் எடுத்துக் காட்டியது உள்ளங்கையைவிடப் பெரிய உலோகப் பொம்மை. 'ஸ்பேஸ்: 1999' தொடரில் வரும் 'ஈகிள்' கலம்; பிரிட்டனின் டிங்கி நிறுவனம் 70களில் விற்றது. சிங்கப்பூரில் கூட வேலை செய்த ஒருவரிடம் வாங்கினாராம். அதன் நிறம் பச்சையும் வெள்ளையும். "தொடர்லயும் பச்சைன்னுதான் ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன்." உண்மையில் திரையில் வந்த ஈகிள் வெள்ளை. மலேசியத் தொலைக்காட்சிக்கு வண்ணம் வந்தது 1978 டிசம்பர் 28இல். தொடரோ 1975 முதல் 1977 வரை ஒளிபரப்பானது. ஹாலில் பார்த்த பிள்ளைக்கு நிறத்தைச் சொல்ல அந்தப் பொம்மையைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஈகிளை வடிவமைத்தவர் பிரையன் ஜான்சன். படப்பிடிப்புக்கான மாதிரிகளில் ஒட்டிய சின்னச் சின்னக் குழாய்களும் பெட்டிகளும் பல, கடையில் விற்ற பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகளிலிருந்து எடுத்தவை. டாங்கியின் ஒரு துண்டு விண்கலத்தின் முதுகில் போய் உட்காரும். 'ஸ்டார் டிரெக்' குழுவும் சளைத்தவர்கள் அல்லர். 1967இல் வந்த ஒரு கதையில் சிதைந்த கலம் ஒன்று தேவைப்பட்டது. கடைகளில் விற்ற ஏஎம்டி நிறுவனத்தின் எண்டர்பிரைஸ் பெட்டியையே வாங்கி ஒட்டி, ஆங்காங்கே உருக்கிக் கருக்கினார்கள். பெட்டியில் எண்டர்பிரைஸின் எண்ணான 1701 ஒட்டிகள் இருந்தன. இடம் மாற்றி 1017 என்று ஒட்ட, வேறு கலமாகிவிட்டது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. மங்கையும் பால் டின்னையும் வைத்துக் கலம் செய்த தோட்டத்துப் பிள்ளையும் அதே வேலையைத்தானே செய்தது!

மாலையில் அவரோடு தோட்டம் இருந்த இடத்துக்குப் போனேன். பால்மரம் போய், செம்பனை வந்து, 90களில் நிலம் கைமாறி, இப்போது முழுக்க வீடுகள். லயம் இருந்த இடம் இரண்டு வரிசை மாடிவீடுகளுக்கு நடுவில் எங்கேயோ இருக்கிறது. மாரியம்மன் கோயில் மட்டும் இடம் மாறி நிற்கிறது. இது செமோரின் தனிக்கதை இல்லை. பேராக்கில் பல தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் 'லாடாங்' என்ற சொல் இருக்கும்; பள்ளியைச் சுற்றித் தோட்டம் இருக்காது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், பக்கத்து ஊரான சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களையே நில உரிமையாளர்களாக்கப் பார்த்தார். எல்லாத் தோட்டத்தையும் அப்படிக் காப்பாற்ற முடியவில்லை.

வீடு திரும்பியதும் மேசை மேல் துணி போட்டு மூடியிருந்த ஒன்றைக் காட்டினார். விண்கலம் இல்லை. அவர் வளர்ந்த லயம். 1:72 அளவு. பத்தடி அகல வாசல் அதில் நான்கு சென்டிமீட்டர் சொச்சம். ஐஸ்கிரீம் குச்சியில் பலகைச் சுவர், நெளி அட்டையில் தகரக் கூரை, முன்னால் அஞ்சடி, பக்கத்தில் தண்ணீர்க் குழாய். பாதியில் நிற்கிறது.

நிற்கக் காரணம், கணக்கு ஒத்துவரவில்லை. லயத்துக்குப் பன்னிரண்டு கதவு என்கிறார் இவர். தைப்பிங்கில் இருக்கும் அக்கா பத்து என்கிறார். குழாய் கோயில் பக்கமா, ஆயாக் கொட்டகைப் பக்கமா என்று தொலைபேசியில் இன்னும் சண்டை. கையில் இருப்பது ஒரே ஒரு கல்யாணப் படம்; பின்னால் இரண்டு கதவுதான் தெரிகிறது. "எண்டர்பிரைஸ் எத்தனை மீட்டர்னு கேளுங்க, 289ன்னு தூக்கத்துல சொல்வேன். நான் பொறந்த லயத்துக்கு அளவு தெரியலையே, அங்கிளுக்கு!" என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டார். நான் சிரிக்கவில்லை.

இல்லாத கலத்துக்கு அளவு இருக்கிறது. இருந்த வீட்டுக்கு இல்லை. அந்தக் கலத்துக்கு மட்டும் எப்படி வந்தது? படப்பிடிப்பில் பயன்பட்ட எண்டர்பிரைஸ் மாதிரி சுமார் 3.4 மீட்டர் நீளம். விளக்குக் கம்பிகள் இடப்பக்கமாக உள்ளே போனதால் பெரும்பாலும் வலப்பக்கத்தையே காட்டுவார்கள். 1974இல் அது வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. அடுத்தடுத்த பழுதுபார்ப்புகளில் பழைய சாயமும் நுணுக்கங்களும் மாறிப்போயின. முதலில் இருந்தபடி சீர்செய்ய முடிவெடுத்தபோது, 2015இல் அருங்காட்சியகம் ரசிகர்களிடமே கேட்டது: பழைய காலத்தில் நீங்கள் நேரில் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா? வீட்டு ஆல்பங்கள் திறந்தன. 2016இல் கலம் மறுபடி பார்வைக்கு வந்தது.

பேராக் தோட்டங்களுக்கும் இதே வழிதான் மிச்சம். லயத்தை யாரும் வரைபடம் போட்டு வைக்கவில்லை. ஆனால் கல்யாணம், காதுகுத்து, திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி என்று எடுத்த படங்களில் அது பின்னால் நின்றிருக்கிறது. இளைய வாசகர்கள் அடுத்த முறை தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகும்போது ஆல்பத்தைக் கேளுங்கள். ஆட்களை மட்டும் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் பாருங்கள். கைபேசியில் பிரதி எடுத்து, தோட்டத்தின் பெயர், பிரிவு, வருடம் எழுதி வையுங்கள். கதவு எத்தனை, குழாய் எந்தப் பக்கம் என்று கேட்டுக் குரலையும் பதிவு செய்யுங்கள். வானொலிக்காரன் என்பதால் சொல்கிறேன், குரல் படத்தைவிட சீக்கிரம் போய்விடும்.

செமோருக்குப் போக விரும்பினால் காலையிலேயே கிளம்புங்கள். வெயில் ஏறும் முன் மலைகளில் பனி இருக்கும். அப்புறம், 70களில் செமோர்ப் பக்கத் தோட்டங்களில் எடுத்த படம் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பகுதிக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பத்தா, பன்னிரண்டா என்று தெரிந்துகொள்ள அக்காவும் தம்பியும் காத்திருக்கிறார்கள்.